முதலில் எண்ணெயா, தேங்காயா?

கேள்வி: பினாங்கு லெபு பாசாரில் மளிகைக் கடை நடத்துகிறேன். மலாய் விலைப்பட்டியலைத் தமிழில் எழுதக் கொடுத்தேன். ‘மிஞாக் கெலாப்பா’ என்பது ‘எண்ணெய் தேங்காய்’ ஆகியிருக்கிறது. ‘சூசு லெம்பு’ ‘பால் மாடு’ ஆகியிருக்கிறது. எப்படித் திருத்துவது?

பதில்: எழுதியவர் மலாய் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டார். மலாய் பொருளை முதலில் சொல்லும். அதன் வகை பின்னால் வரும். தாய், வியட்நாமிய மொழிகளும் அப்படித்தான். தமிழிலும் சீனத்திலும் வகை முன்னால், பொருள் கடைசியில். ஆகவே ‘தேங்காய் எண்ணெய்’. பால் விஷயத்தில் கவனம்: ‘பால் மாடு’ என்று பலகையில் இருந்தால் வாடிக்கையாளர் கயிற்றோடு வந்து நிற்பார்.

அதற்காக ‘மாடு பால்’ என்றும் எழுதிவிடாதீர்கள். முன்னால் நிற்கும் பெயர் பல இடங்களில் உருமாறும்: மாட்டுப் பால், ஆட்டிறைச்சி, மரச்செக்கு. மிளகாய்த் தூளில் ‘த்’ வேண்டும். ஊறுகாயில் ‘க்’ சேர்க்கக் கூடாது. அது வினைத்தொகை, அங்கே வல்லினம் மிகாது.

ஊறுகாய் சுவையான சொல்லும்கூட. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என மூன்று காலத்துக்கும் இடம் கொடுத்து, எதையும் வெளிப்படையாகக் காட்டாமல் நிற்கிறது. அதனால்தான் ஒரு ஜாடிக் காயை விட்டு அந்த வகைக்கே பெயராகிவிட்டது. நம் ஊரில் இழுத்து ஆற்றித் தரும் தேநீரான ‘தே தாரிக்’கும் இதே கதைதான்: ‘தாரிக்’ என்பது ‘இழு’ என்னும் வெறும் வினை. நடுவில் மலாயின் இணைப்புச் சொல்லான ‘யாங்’ சேர்த்து ‘தே யாங் டிதாரிக்’ என்றால் அது பெயராக இல்லாமல் வருணனையாகிவிடும். தமிழில் அந்த வேலையை ‘ஆன’ செய்கிறது. பச்சை மிளகாய் ஒரு சரக்கு; பச்சையான மிளகாய் என்றால் நிறத்தைச் சொல்கிறோம். விலைப்பட்டியலில் ‘ஆன’ தென்பட்டால் அடித்துவிடுங்கள்.

(பாலில்லாக் காப்பியான ‘கோப்பி ஓ’வில் வரும் ‘ஓ’ ஹொக்கியன் என்னும் சீன மொழியில் கறுப்பு. அந்த மொழியின் வழக்கப்படி முன்னால் நிற்க வேண்டியது, இங்கே மலாய் வரிசையில் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது.)

பட்டியலில் ‘மிஞாக் பிஜான்’, அதாவது எள்ளின் எண்ணெய், இருந்தால் சொல்லுக்குச் சொல் பார்க்காமல் ‘நல்லெண்ணெய்’ என்றே எழுதுங்கள். எண்ணெய் என்பதே எள்ளும் நெய்யும் சேர்ந்த பெயர்தான். அது தேங்காய்க்கும் கடலைக்கும் பொதுவாகிப் போனதால், எள்ளின் எண்ணெயைப் பிரித்துக்காட்ட ‘நல்’ வந்து ஒட்டிக்கொண்டது.