ஹெல்வெட்டிகா: ஈய எழுத்தின் தோற்றத்தைக் கணினியில் மீட்பது எப்படி?

கேள்வி: டிடிபி தொழில் செய்கிறேன். 1960களில் சுவிட்சர்லாந்தில் அச்சான ஆங்கில இயந்திரக் கையேடு ஒன்றை அதே தோற்றத்தில் மறுபதிப்புச் செய்ய வேண்டும். எழுத்துரு ஹெல்வெட்டிகா என்கிறார்கள். கணினியில் அதையே தேர்ந்தெடுத்தும் அடிக்குறிப்புகள் நெருக்கியடித்துத் தெரிகின்றன. தவறு எங்கே?

பதில்: உங்கள் திரையில் இருப்பது ஹெல்வெட்டிகாதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த எழுத்துரு நிறுவப்படாத விண்டோஸ் கணினியில், பெயரைத் தேர்ந்தெடுத்தாலும் ஏரியல்தான் பெரும்பாலும் வந்து நிற்கும். ஐபிஎம் லேசர் அச்சுப்பொறிகளுக்காக 1982இல் மோனோடைப் நிறுவனத்தின் ராபின் நிக்கோலஸும் பாட்ரீஷியா சாண்டர்ஸும் வடிவமைத்த ஏரியலின் எழுத்து அகலங்கள் ஹெல்வெட்டிகாவுடன் ஒத்திருப்பதால், வரிகள் அதே இடத்தில் முறியும்; மாறியது கண்ணில் படாது. பெரிய ‘ஆர்’ எழுத்தின் காலைப் பாருங்கள்: செங்குத்தாக இறங்கினால் ஹெல்வெட்டிகா, சாய்வாக நீண்டால் ஏரியல். ‘சி’ எழுத்தின் முனைகளும் ஹெல்வெட்டிகாவில் கிடைமட்டமாகவும் ஏரியலில் சாய்வாகவும் வெட்டுண்டிருக்கும்.

உண்மையான ஹெல்வெட்டிகாவாகவே இருந்தாலும் சிக்கல் தீராது. அதன் காரணம் வரலாற்றில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே ம்யூன்ஷன்ஸ்டைனில் இருந்த ஹாஸ் எழுத்து வார்ப்பகத்துக்காக, எடுவார்ட் ஹோஃப்மனின் வழிகாட்டுதலில் மாக்ஸ் மீடிங்கர் வரைந்து 1957இல் வெளியான இவ்வெழுத்துக்கு முதலில் நோயே ஹாஸ் குரோடெஸ்க் என்று பெயர். 1960இல் ஹெல்வெட்டிகா ஆயிற்று. எழுத்துகளை ஈயத்தில் வார்த்து அச்சிட்ட காலத்தில் ஒவ்வொரு பாயிண்ட் அளவும் தனித்தனியே வெட்டப்பட்டது. 6 பாயிண்ட் எழுத்து சற்று அகலமாகவும் இடைவெளி தளர்வாகவும் அமைந்திருந்தது; பொடி எழுத்தும் தெளிவாக வாசிக்கக் கிடைத்ததற்கு அந்தக் கைவினையே காரணம். ஒளி அச்சுக்கோப்பு (எழுத்தை ஒளிப்படமாகப் பதிக்கும் முறை) வந்ததும் ஒரே வரைவைப் பெருக்கியும் சுருக்கியும் எல்லா அளவுக்கும் பயன்படுத்தினார்கள். கணினி எழுத்துருவும் அந்த வழக்கத்தையே சுவீகரித்தது. நம் கண்முன்னே நடந்த இழப்பு இது. இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. 1983இல் வந்த நோயே ஹெல்வெட்டிகா என்ற திருத்திய பதிப்பு, இந்த எழுத்துக் குடும்பத்தின் உயரங்களையும் தடிமன்களையும் ஒழுங்குபடுத்தியது. சிறிய அளவுக்கென்று தனி வரைவு அதிலும் இல்லை.

உங்கள் வேலைக்கு நான் பரிந்துரைப்பது, கிறிஸ்டியன் ஷ்வார்ட்ஸ் மூல ஈய எழுத்தை ஆராய்ந்து மீட்டெடுத்த நோயே ஹாஸ் குரோடெஸ்க். இதில் தலைப்புக்கு டிஸ்ப்ளே, உடற்பகுதிக்கு டெக்ஸ்ட் என இரு வரைவுகள் உள்ளன. டெக்ஸ்ட் வரைவு, விண்டோஸ் 10இன் விருப்ப அம்சங்களில் உள்ள பான்-யூரோப்பியன் துணை எழுத்துருத் தொகுப்பிலேயே கிடைக்கிறது. ஆகவே வாங்குமுன் சோதித்துவிடலாம். அடிக்குறிப்பு 6 பாயிண்டோ அதற்கும் கீழோ என்றால், 2019இல் மோனோடைப் வெளியிட்ட ஹெல்வெட்டிகா நவ் குடும்பத்தின் மைக்ரோ வரைவு இன்னும் பொருந்தும்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கையேட்டின் ஒரு பத்தியை மூல அளவிலேயே அடித்து, அச்சிடப்போகும் தாளிலேயே படியெடுத்து, பழைய பக்கத்தின் அருகில் வைத்து உருப்பெருக்கியால் ஒப்பிடுங்கள். ஈய எழுத்து தாளில் அழுந்தி மை சற்றே பரவியிருக்கும் என்பதால், ஆஃப்செட்டில் வரும் உங்கள் படி மெலிந்து தெரியலாம். அதற்காக எழுத்தின் தடிமனைக் கூட்டிவிடாதீர்கள்.