தங்கையின் மாஸ்டர்ஸ் படிப்பு: பிரிட்டனா, சீனாவா?

தம்பி, பிரிட்டன் வந்த கையோடு கேட்டிருக்கிறீர்கள்: தங்கையை மாஸ்டர்ஸ் படிக்க இங்கே அழைக்கலாமா, சீனாவுக்கு அனுப்பலாமா, இரண்டு நாட்டிலும் பல்கலைக்கழகங்கள் பெருகிக் கிடக்கின்றனவே, எதை நம்புவது என்று. ஒரு பல்கலைக்கழகம் எப்போது, யார் பணத்தில் வளர்ந்தது என்று முதலில் பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

பிரிட்டனில் 1960-களின் தொடக்கத்தில் இளைஞர்களில் நூற்றுக்கு நாலு பேர் அளவில்தான் பல்கலைக்கழகம் போனார்கள். தகுதியும் விருப்பமும் உள்ள எல்லோருக்கும் இடம் வேண்டும் என்று 1963-ல், உயர்கல்வியை ஆராய அரசு அமைத்த ராபின்ஸ் குழு சொன்னது. சசெக்ஸ், யார்க், வாரிக் பல்கலைக்கழகங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் வந்தவை. அடுத்த பெரிய அலை 1992. பாலிடெக்னிக்குகள் சட்டப்படி பல்கலைக்கழகங்களாயின. நம் ஊர் டிப்ளமோ பாலிடெக்னிக் போல என்று எண்ணி அவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். அங்கே முன்பிருந்தே பட்டப்படிப்பு நடந்தது. தொழில் சார்ந்த பாடங்களில் சில இன்றும் நன்றாக இருக்கின்றன.

கவலைப்பட வேண்டியது பண விஷயத்தில். இங்கிலாந்தில் உள்நாட்டு இளநிலை மாணவரிடம் 2012-ல் ஆண்டுக்கு 9,000 பவுண்டு வரை வாங்கலாம் என்றிருந்தது. 2025-லும் உச்சவரம்பு 9,535-தான். விலைவாசி எங்கோ போய்விட்டது. வெளிநாட்டு மாணவர் கட்டணத்துக்கு வரம்பு இல்லாததால், பள்ளத்தை நம் பிள்ளைகளின் பணத்தால் நிரப்பினார்கள். வருகை குறைந்ததும் பல இடங்களில் ஆட்குறைப்பு, துறை மூடல். ஆகவே டெபாசிட் கட்டுமுன் துறைக்கே மின்னஞ்சல் அனுப்பி, அந்தப் படிப்பு வரும் ஆண்டு நிச்சயம் நடக்குமா, நின்றால் பணம் திரும்புமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் வாய்ச்சொல் போதாது, அவருக்குக் கமிஷன் பல்கலைக்கழகம் தருகிறது.

சீனாவில் உயர்கல்வி அரசாணையால் பெருகியது. 1966-ல் நின்ற நுழைவுத் தேர்வு 1977-ல் திரும்பியபோது சுமார் 57 லட்சம் பேர் எழுதி 2.7 லட்சம் பேருக்கே இடம் கிடைத்தது. 1998-ல் சுமார் 10.8 லட்சமாக இருந்த சேர்க்கை, ஆசிய நிதி நெருக்கடிக்குப் பின் அரசு இடங்களைக் கூட்டியதால் 1999-ல் ஒரே ஆண்டில் 16 லட்சத்தை நெருங்கியது. உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2002-ல் 15 சதவீதம், 2023-ல் 60. இவ்வளவு வேகத்தில் தரம் எல்லா இடத்திலும் சீராக இருக்க முடியாது. அரசு தன் பணத்தைத் தேர்ந்தெடுத்த சிலவற்றில்தான் கொட்டியது: 211 திட்டம், 985 திட்டம், இப்போது இரட்டை முதல்தரத் திட்டம். இந்தக் கடைசித் திட்டத்தின் 2022 பட்டியலில் 147 பெயர்கள். தங்கைக்கு வந்த இடம் அதில் இல்லையென்றால் வேண்டாம் என்பேன். பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரை ஒட்டிக்கொண்டு தனிக் கல்லூரிகளும் நடந்திருக்கின்றன; பட்டத்தில் எந்தப் பெயர் அச்சாகும் என்று கேளுங்கள்.

சீன அரசு உதவித்தொகை கிடைத்தால் கட்டணம், தங்குமிடம் போக மாஸ்டர்ஸுக்கு மாதம் 3,000 யுவான் வரும். ஆனால் படிப்பு இரண்டு, மூன்று ஆண்டு. ஆங்கிலவழியில் சேர்ந்தாலும் ஆய்வகத்தில் சீன மொழி தேவைப்படும். அங்கே வேலை தேடுவதும் கடினம்: 2025-ல் மட்டும் 1.22 கோடி பேர் படித்து வெளியேறினார்கள்.

இங்கே பிரிட்டனில் மாஸ்டர்ஸ் பெரும்பாலும் ஓராண்டில் முடியும். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் படிப்புக்குப் பிந்தைய வேலை விசா 18 மாதம்தான், முனைவர் பட்டத்துக்கு மட்டும் மூன்று ஆண்டு. ஆராய்ச்சி அல்லாத பாடவகுப்பு மாஸ்டர்ஸுக்குக் கணவரையோ குழந்தையையோ உடன் அழைத்துவர 2024 ஜனவரியிலிருந்து அனுமதி இல்லை. தங்கைக்குத் திருமணம் ஆகியிருந்தால் இதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். ஆராய்ச்சியில் ஆர்வமும் மொழி கற்கும் பொறுமையும் உள்ள பெண் என்றால், கடன் வாங்கி இங்கே வருவதைவிட உதவித்தொகையோடு சீனா போவதையே நான் சொல்வேன்.