கப்பலில் நோயால் இறந்த சிப்பாயின் கல்லறையைத் தேட 25,000 ரூபாயா?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரின்போது மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்) போகும் வழியில், கப்பலிலேயே காய்ச்சல் கண்டு இறந்துவிட்டாராம். வீட்டில் ஒரு மெடல் மட்டும் இருக்கிறது. நோயில் செத்தவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது என்கிறார் ஒருவர். இன்னொருவர், மெடலையும் 25,000 ரூபாயையும் கொடுத்தால் கல்லறையைக் கண்டுபிடித்து பிரிட்டிஷ் அரசிடம் நஷ்டஈடும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணத்தையும் சரி, மெடலையும் சரி.

அவர் நடுக்கடலில் இறந்திருந்தால் கல்லறை என்று ஒன்று இருக்காது. துருப்புக் கப்பலின் கீழ்த்தளத்தில் ஆட்களை நெருக்கியடித்து ஏற்றியிருப்பார்கள், தொற்று பரவும் பயம் வேறு, உடலைக் கரை வரைக்கும் வைத்திருக்க வழி கிடையாது. துணியில் வைத்துத் தைத்து, கனமாக எதையாவது கட்டிக் கடலில் இறக்கிவிடுவார்கள். அப்படியிருக்க, பணம் கேட்கும் அந்த ஆள் எந்தக் கல்லறையைக் கண்டுபிடிப்பார்? அதே பெயருள்ள வேறு யாருடைய கல்லையாவது படம் எடுத்து அனுப்புவார், நீங்களும் மாலை போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

நோயில் செத்தால் பெயர் வராது என்பது சுத்தப் பொய். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று ஒன்று 1917 முதல் இருக்கிறது. 1914 ஆகஸ்ட் 4-க்கும் 1921 ஆகஸ்ட் 31-க்கும் இடையில் பணியில் இருக்கும்போதே இறந்தவர் என்றால் போதும், குண்டடியா காலராவா என்று பார்க்காமல் அவர்கள் பட்டியலில் சேர்ப்பார்கள். 1918-இல் நியூசிலாந்திலிருந்து கிளம்பிய தாஹிட்டி என்ற கப்பலில் பரவிய இன்ஃப்ளூயன்சாவால் 70 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களும் போரில் இறந்தவர்கள்தான்.

ஒரே ஒரு சிக்கல் உண்டு, அதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 'கப்பலில் செத்தார்' என்று குடும்பத்தில் சொல்வது சில நேரம் 'கப்பலில் வந்து செத்தார்' என்பதாக இருக்கும். நோயாளியாகத் திரும்பி வந்து, பணியிலிருந்து விடுவித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அப்புறம் வீட்டில் இறந்தார் என்றால் கதையே வேறு. அப்போது, அந்த நோய் ராணுவப் பணியால் வந்ததுதான் என்று காட்ட ஒரு காகிதம் வேண்டும். அதோடு அவர் இறந்த தேதி நான் மேலே சொன்ன காலத்துக்குள் இருக்கவும் வேண்டும். விடுவித்த சான்றிதழ், பென்ஷன் கடிதம், இறப்புப் பதிவு எதுவானாலும் தேடி எடுத்து வையுங்கள். விடுவிக்காமல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது இறந்தார் என்றால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம், அவர் பணியில் இருந்தவர்தான். ஆகவே பாட்டியிடமோ பாட்டியின் தங்கையிடமோ முதலில் கேட்க வேண்டியது, உடல் வீட்டுக்கு வந்ததா, தந்தி வந்ததா என்பதைத்தான்.

சரி, பெயரை எங்கே தேடுவது? இந்த ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம், காசு கிடையாது. டெல்லி இந்தியா கேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று திரும்புகிறவர்கள் ஏராளம். அங்கே இருப்பது 13,000 சொச்சம் பெயர்கள், பெரும்பாலும் வடமேற்கு எல்லையிலும் 1919 ஆப்கன் போரிலும் இறந்தவர்கள். கடலில் இறந்தவர்கள் எல்லாரும் மும்பை நினைவிடத்தில் இருப்பார்கள் என்று ஒரு கதை வேறு; அது கப்பலில் வேலை பார்த்த மாலுமிகளுக்கானது, கப்பலில் பயணம் செய்த சிப்பாய்க்கானது இல்லை. மெசபடோமியாப் படையில் இறந்து கல்லறை இல்லாதவர்களுக்குப் பாஸ்ரா நினைவிடம். அதில் 40,000-க்கும் மேற்பட்டோர். ஆனால் கல்லில் வெள்ளைக்காரர்கள் பெயரை வரிசையாக வெட்டியவர்கள், இந்திய சிப்பாய்களைப் பட்டாளத்தின் பெயரோடும் தலைக்கணக்கோடும் முடித்துவிட்டார்கள், பெயர்கள் ஏட்டில் மட்டும். இப்படிப் பாரபட்சம் காட்டியதை ஆணையமே 2021-இல்தான் ஒப்புக்கொண்டது. நூறு வருஷம் கழித்து! அதனால் நினைவிடத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பெயர் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

தேடும்போது முழுப் பெயரைப் போடாதீர்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஆங்கிலம் அது, 'சாமி' என்ற பெயரையே நாலு விதமாக எழுதியிருப்பான். முதல் சில எழுத்துகளை மட்டும் போட்டு, பட்டாளத்தை வைத்து வடிகட்டுங்கள். பல பதிவுகளில் அப்பா பெயரும் ஊர், தாலுகாவும் இருக்கும். அது பொருந்தினால்தான் அவர் உங்கள் கொள்ளுத்தாத்தா.

பட்டாளம் தெரியாதே என்பீர்கள். அதற்குத்தான் மெடல். விளிம்பைச் சாய்வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள், எண், பதவி, பெயர், பட்டாளம் எல்லாம் பொறித்திருக்கும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். அந்தப் போருக்காகக் கொடுத்த 'பிரிட்டிஷ் வார் மெடல்' என்பது வெள்ளியில் இருந்தால் பெரும்பாலும் சிப்பாய், அதே மெடல் வெண்கலமாக இருந்தால் கூலியாட்கள் படை (லேபர் கோர்) மாதிரியான பிரிவுகளில் போனவராக இருக்கலாம். இந்த மெடல்களுக்கு ஏலச் சந்தை இருக்கிறது. பணம் கேட்கும் அந்த ஆள் மெடலையும் கேட்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? சரிபார்க்க போட்டோ போதும்.

நஷ்டஈடு விஷயம்: அந்த ஆணையம் யாருக்கும் காசு கொடுப்பதில்லை, அது கல்லறையையும் நினைவிடத்தையும் பராமரிக்கிற அமைப்பு. நூறு வருஷத்துக் கணக்கைக் கிளறி வாரிசுக்கு வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். லாகூரில் கிடைத்த பதிவேடுகளில் உங்கள் தாத்தா இருக்கிறார் என்று யாராவது வந்தாலும் அப்படியே. அவை பஞ்சாப் கிராமத்து ஆட்களுடையவை.

மெடலில் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் பிரிவு) என்று இருந்தால் பெங்களூரு மதராஸ் எஞ்சினியர் குரூப்புக்கும், கர்நாடிக் காலாட்படை என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட்டுக்கும் எழுதுங்கள். அந்தக் காலாட்படைப் பிரிவுகளில் பலவற்றைப் போருக்குப் பிறகு கலைத்துவிட்டார்கள், 'எங்களிடம் இல்லை' என்று இரண்டு வரியில் பதில் வரலாம், பதிலே வராமலும் போகலாம். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். எண், பெயர், பட்டாளம், அப்பா பெயர், ஊர் இவ்வளவும் போதும், அசலை எதற்கும் இணைக்காதீர்கள்.