மகளின் கூட்டாளிகளை மறிக்காதீர்கள், அம்மா

போன கிழமை நீங்கள் கேட்டதற்கு அவசரத்தில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அதனால் எழுதுகிறேன்.

"உயர்தரப் பரீட்சை எடுக்கப் போகிற பிள்ளை. ரியூசன் முடிந்து சிநேகிதி வீட்டில் இருந்துவிட்டுப் பொழுதுபட்டுத்தான் வருகிறாள். அவர்கள் வசதியான ஆட்கள். விரலுக்குத் தக்க வீக்கம்தானே வேண்டும், மறித்துவிடவா?" என்றீர்கள். வேண்டாம் அம்மா.

உங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்தவர் யாரும் இல்லை என்றீர்கள். அப்படியான வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் தெரிந்தால் மட்டும் போதாது. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டும். மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்து, பிள்ளையின் இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டு கணிக்கிற புள்ளி) எந்தப் பாடநெறியின் வெட்டுப்புள்ளியை, அதாவது அதற்குத் தேவையான ஆகக் குறைந்த புள்ளியை, முதலில் எட்டுகிறதோ அந்தப் பாடநெறியைத்தான் கொடுப்பார்கள். அதற்குக் கீழே ஆசைப்பட்டதை எழுதியிருந்தால் அது போனது போனதுதான். நல்ல புள்ளி எடுத்தும் ஒழுங்கைப் பிழையாக எழுதிவிட்டு என் முன்னால் இருந்து அழுத பிள்ளைகள் உண்டு. வீட்டில் சொல்லிக்கொடுக்க அக்கா இல்லாதவளுக்குச் சிநேகிதியின் அக்காதான் அக்கா. மகாபொல புலமைப்பரிசிலுக்கு என்ன பத்திரம் வேண்டும், கம்பஸ் கிடைக்காவிட்டால் தேசிய தொழிற்தகைமை (NVQ) 4ஆம் மட்டம் முடித்து டிப்ளோமாவுக்கு எப்படிப் போவது என்பதெல்லாம் இப்படி வாய்வழியாகத்தான் வந்து சேருகிறது.

நான் 90களின் தொடக்கத்தில் படித்தவன். போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை. கொஞ்ச எண்ணெயில் எரிகிற ஜாம் போத்தல் விளக்குக்கும் எங்கள் வீட்டில் எண்ணெய் இல்லாத நாட்களில் கூட்டாளி வீட்டுத் திண்ணைக்குப் போவேன். விளக்கை நடுவில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் பேசாமல் என் பக்கம் தள்ளிவிடுவான். அவனுக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் பிள்ளைகளுக்கு வழிசொல்கிற இந்தக் கதிரையில் இருக்கிறேன்.

பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவும் அமெரிக்காவில் 7 கோடிக்கும் மேற்பட்டவர்களின் முகநூல் நட்புகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கிற அளவு வசதியான கூட்டாளிகள் வறிய பிள்ளைகளுக்கும் அமைகிற ஊரில் வளர்ந்தால், பிற்காலத்தில் அவர்களின் வருமானம் சராசரியாக 20 வீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. அது அந்த நாட்டுக் கணக்கு. ஆனால் இங்கே யாழ்ப்பாணக் கரையோரப் பாசையூரில் இருந்து படிக்க வருகிற பிள்ளைகளிடமும் இந்த வித்தியாசத்தை நான் கண்ணால் காண்கிறேன்.

எல்லாக் கூட்டும் நல்ல கூட்டு என்று சொல்லமாட்டேன். சிநேகிதி வீட்டால் வந்ததும் பிள்ளை கொப்பியைத் திறக்கிறாளா, இல்லாவிட்டால் புது போன் கேட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாளா என்று பாருங்கள். முதலாவது என்றால் விட்டுவிடுங்கள். நேரம் உங்களுக்குப் பயமாக இருந்தால், அந்தத் தாயோடு போனில் கதைத்து ஆறு மணிக்கு முன் அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வாங்கிக்கொண்டே இருக்கிறோம் என்ற கூச்சத்தில் வலியவே விலகிப்போகும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் கணக்கியலில் கெட்டிக்காரி. அவள் அதைச் சொல்லிக்கொடுக்கட்டும். தகரக் கொட்டில் என்று நீங்களும் வெட்கப்படாமல், வருகிற சனிக்கிழமை அந்தப் பிள்ளைகளை உங்கள் வீட்டுக்குப் படிக்கக் கூப்பிடுங்கள். பிளேன்ரீயும் ஒரு துண்டு பனங்கட்டியும் போதும்.