கேட்டால் சொல்வேன்: ஐந்து பேரில் எத்தனை ஸ்னைப்பர்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், துவக்குச் சூட்டு கேம்களில் தூரத்தில் இருந்து ஸ்கோப் வைத்துச் சுடுகிற ஸ்னைப்பர் பற்றியவை. போன இதழில் ஒரு வாசகருக்கு, "டீமில் மூன்று பேர் ஸ்னைப்பர் என்றால் தோற்பதற்கு எதிரியே தேவையில்லை" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதற்குத்தான் இத்தனை சூடு. சரி, வந்ததைப் பார்ப்போம். புனைபெயர்கள் அவரவர் வைத்துக்கொண்டவை, அதற்கு நான் பொறுப்பில்லை.

கே: நாங்கள் ஐந்து பேர் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 விளையாடுகிறோம். இரண்டு பேருக்கு ஏடபிள்யூபி என்ற ஸ்னைப்பர் துவக்கு வேண்டுமாம். ஒரு ஆள்தான் எடுக்கலாம் என்று சட்டம் வைப்போம் என்கிறேன் நான். "கேமிலேயே இல்லாத லிமிட்டை நீ ஏன் போடுகிறாய்?" என்கிறான் நண்பன். யார் சொல்வது சரி, அண்ணா?
'லோங் டோர்', வெள்ளவத்தை

ப: தம்பி, கேமில் லிமிட் இல்லை என்று யார் சொன்னது? ஆள் கணக்கில் இல்லை, காசுக் கணக்கில் இருக்கிறது. துவக்கைக் கேமுக்குள் கிடைக்கும் காசில்தான் வாங்க வேண்டும். ஏடபிள்யூபி 4,750 டொலர். ஏகே 47 என்றால் 2,700. ஏகேயால் ஒருவனை விழுத்தினால் 300 டொலர் கைக்கு வரும். ஏடபிள்யூபியால் விழுத்தினால் 100தான். மேகசினில் ஐந்தே ஐந்து ரவை.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற பழைய பதிப்பின் காலத்தில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஒழுங்கையில் இருந்த நெட் கபேயில், பின்னேரங்களில் மேசை பார்த்தவன் நான். அன்றும் விலை 4,750தான். ஆனால் மேகசினில் பத்து ரவை, எந்தத் துவக்கால் சுட்டாலும் ஒரே 300 டொலர். ஒருமுறை ஏடபிள்யூபி கைக்கு வந்தவனை இறக்கவே ஏலாது. ஐந்து பேர் ஐந்து ஏடபிள்யூபியோடு டஸ்ட் 2 மேப்பில் ஆளுக்கொரு மூலையில் குந்திக்கொண்டு, குண்டு எங்கே வைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாமல் ரவுண்ட் முடியும். கடைசியில் ஒரு கார்ட்போர்ட் மட்டையில் மார்க்கரால் எழுதி ஒட்டினோம்: "பக்கத்துக்கு ஒரு ஏடபிள்யூபி. செத்தால் அடுத்த ரவுண்ட் மற்றவனுக்கு." கீழே அதையே சிங்களத்திலும். சண்டை குறைந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் சண்டைக்கு ஒரு விதிமுறை கிடைத்தது.

பிறகு கேமே மெல்ல மெல்ல வரி போடத் தொடங்கிவிட்டது. கொன்றால் கிடைக்கும் பணத்தைக் குறைத்தார்கள். 2015-இல் ஸ்கோப் போட்டபடி நடக்கும் வேகத்தைக் குறைத்தார்கள். 2022 நவம்பரில் பத்து ரவையை ஐந்தாக்கினார்கள். எங்கள் மட்டைக்கு இப்போது வேலை குறைவு.

ஆகவே சட்டம் வைக்க முன்னர் கணக்கைப் பாருங்கள். குண்டு வைக்கிற டெரரிஸ்ட் பக்கம் இரண்டு ஏடபிள்யூபி 9,500. இரண்டு ஏகே 5,400. மிச்சம் 4,100. அந்தக் காசில் இன்னொரு நண்பனுக்கு ஒரு ஏகே, கெவ்லர் கவசம், ஹெல்மெட், ஒரு ஸ்மோக் (புகைக் குண்டு) எல்லாம் வாங்கிக் கொடுக்கலாம், அப்படியும் சில்லறை மிஞ்சும். உங்கள் இரண்டாவது ஸ்னைப்பர் இதைவிட அதிக வேலை செய்கிறாரா? செய்தால் எடுக்கட்டும். கையில் காசு நிரம்பியிருக்கும்போது, குண்டைத் தடுக்கிற சிடி பக்கம், தூரப் பார்வை உள்ள மேப்பில் இரண்டு ஏடபிள்யூபி நன்றாகவே ஓடும். ஒருவர் லோங் என்கிற நீண்ட பாதையில், ஒருவர் மிட் என்கிற நடுப்பகுதியில். பெரிய டீம்களும் இதைச் செய்கின்றன. ஆனால் மூன்றாவது ரவுண்டிலேயே, மற்ற மூவரும் பிஸ்டலோடு நிற்கும்போது இரண்டாவது ஏடபிள்யூபி கேட்பவரை நான் டீமில் வைத்திருக்க மாட்டேன். செத்தால் அந்த 4,750 எதிரியின் தோளில் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று. யார் எடுப்பது என்று பார்க்கும்போது எல்லாரும் குறி பார்க்கும் திறமையைத்தான் பார்க்கிறார்கள். நான் வாயைப் பார்ப்பேன். ஏடபிள்யூபி ரவை காலில் பட்டால் ஆள் சாகமாட்டான். ஆனால் அவனிடம் மிஞ்சியிருப்பது பிஸ்டல் ரவை ஒன்றுக்கும் தாங்காத உயிர். அந்த நேரத்தில் "ஐயோ, சே!" என்று மட்டும் கத்துகிறவன் ஒரு வகை. "லோங்ல ஒண்டு, காலில பட்டது, லோ" (உயிர் குறைவு) என்கிறவன் இன்னொரு வகை. இரண்டாமவன் அன்றைக்கு ஒருவரையும் கொல்லாவிட்டாலும் டீம் வெல்லும். எங்கள் கடையில் ஒரு சிங்களப் பொடியன் இருந்தான், சுடுவதில் சுமார்தான். ஆனால் "லோங் எக்கே எக்கெக்" என்று அவன் சொன்னால் அங்கே ஒருவன் இருப்பான், சொன்ன இடத்திலேயே இருப்பான். தமிழ்ப் பொடியன்கள் எல்லாரும் அந்த ஒரு வாக்கியத்தை அவனிடமிருந்து பாடமாக்கி வைத்திருந்தார்கள். மட்டை எழுதின காலத்திலும் எங்கள் பக்கத்து ஏடபிள்யூபி பெரும்பாலும் அவனிடம்தான்.

கே: பேட்டில்ஃபீல்ட் 4-இல் எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் மலையில்தான். பிடிக்க வேண்டிய கொடிக்கு யாரும் வருவதில்லை. சேர்வர் வைத்திருப்பவர்கள் ஸ்னைப்பருக்கு எண்ணிக்கை போட வேண்டும் என்கிறேன். தவறா?
'கொடிக்காரன்', தெஹிவளை

ப: தவறில்லை. முதல் கடிதத்தில் லிமிட் வேண்டாம் என்ற அதே காரணத்தால்தான் இங்கே வேண்டும் என்கிறேன். இந்த கேமில் ஸ்னைப்பர் ஒரு சதம்கூடக் கட்டுவதில்லை. செத்தால் மறுபடி பிறக்கலாம், துவக்கு இலவசம், மலையும் இலவசம். கம்ப்யூட்டரில் பக்கத்துக்கு 32 பேர். அதில் பத்துப் பேர் மலை ஏறினால் 22 பேர், 32 பேரோடு கொடிக்கு அடிபடுகிறார்கள். எதிர்ப்பக்கமும் பத்துப் பேரை மலைக்கு அனுப்பினால் சரிசமம்தான். அந்த மலைகள் இரண்டும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருக்கும். கொடி பிடிக்கிற கான்குவெஸ்ட் ஆட்டத்தில் டிக்கெட் (பக்கத்தின் புள்ளிகள்) பெரும்பாலும் கரைவது கொடியால். மலைக்கும் மலைக்கும் இடையில் நடப்பது தனி மாட்ச்.

ஸ்கோப்பில் வெளிச்சம் மின்னுவது எதிரிக்குத் தெரியும்படி பேட்டில்ஃபீல்ட் 3-இலேயே செய்துவிட்டார்கள். அது ஸ்னைப்பருக்குத் தண்டனைதான், ஆனால் கொடி பிடிக்க ஆள் தரவில்லையே.

எண்ணிக்கை போட்டு விளையாடுகிற கேம்களில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஹெல் லெட் லூஸ். பக்கத்துக்கு 50 பேர். ரெக்கொன் (வேவு) அணி இரண்டுதான், ஒவ்வொன்றிலும் இரண்டே பேர்: ஒரு ஸ்பொட்டர், ஒரு ஸ்னைப்பர். அதாவது 50 பேரில் ஸ்னைப்பர் துவக்கு இரண்டு. அதிலும் அணிக்குத் தலைவர் ஸ்பொட்டர், ஸ்னைப்பர் அல்ல. பார்க்கிறவன் சொல்ல, சுடுகிறவன் சுட வேண்டும். நல்ல ரெக்கொன் அணி எதிரியின் முதுகுப்பக்கம் ஊர்ந்து போய், அவர்கள் பிறக்கிற கரிசன் எங்கே இருக்கிறது என்று தேடி அதை உடைக்கும். அன்றைக்கு அவர்கள் பேருக்கு நேரே நாலு கொலைதான் இருக்கும். எதிர்ப்பக்கம் 50 பேரும் ஒரு கிலோமீட்டர் நடந்து வருவார்கள்.

டீம் ஃபோர்ட்ரஸ் 2-இல் ஹைலாண்டர் என்று ஒன்று இருக்கிறது: ஒன்பது பேர், ஒன்பது வகை, வகைக்கு ஒருவர். வாக்குவாதத்துக்கே இடமில்லை. ஆனால் அதே கேமின் சாதாரண சேர்வரில் ஆறு ஸ்னைப்பர் நின்றாலும் கேட்க ஆளில்லை.

சரி, லிமிட்டின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு இடம்தான் என்றால், லோட் ஆனவுடன் முந்திக்கொண்டு அமுக்குகிறவனுக்கே அது போகும். நன்றாக விளையாடுகிறவனின் கம்ப்யூட்டர் மெதுவாக லோட் ஆனால் அவன் வெளியே. பிடித்தவன் கொடிப்பக்கம் எட்டியும் பார்க்காமல் முழு மாட்ச்சும் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு படுத்திருப்பான். எனவே சேர்வர்காரர் எண்ணிக்கையோடு இன்னொன்றையும் வைக்க வேண்டும்: ஸ்குவாட்டை (தன் சிறு குழுவை) விட்டுத் தனியே கிடக்கிற ஸ்னைப்பர் இடத்தைக் காலி பண்ண வேண்டும். ஸ்பான் பீக்கன் (செத்தவர்கள் மறுபடி வந்து இறங்கும் கருவி) வைத்து, கொடிக்குப் பின்னால் நாலு பேரை இறக்கிவிடுகிற ஸ்னைப்பர் என்றால் அவர் மலையிலேயே சமைத்துச் சாப்பிடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கே: ஓவர்வாட்ச்சில் ஒரு ஹீரோவை டீமில் ஒருவர்தான் எடுக்கலாம். அதுவே ஸ்னைப்பர் லிமிட் தானே?
மாணவர், பம்பலப்பிட்டி

ப: இல்லை. 2016-இல் கேம் வந்த புதிதில் ஒரே ஹீரோவை எத்தனை பேரும் எடுக்கலாம் என்று இருந்தது. அந்த வருடமே மாற்றினார்கள். ஆனால் தூரத்திலிருந்து அடிக்கிற விடோமேக்கரும் ஹான்ஸோவும் வேறு வேறு ஹீரோ. இரண்டு பேரையும் ஒரே டீமில் எடுத்து, இரண்டு பேரும் பின்னால் நிற்கலாம். அனாவின் கையிலும் ஸ்கோப் வைத்த துவக்குதான், அவர் அதால் சொந்த ஆட்களுக்கு உயிர் ஏற்றுகிறார். அவரையும் ஸ்னைப்பர் கணக்கில் சேர்ப்பீர்களா?

கே: என் அம்மா வன்னியிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். மகன் ஹோலில் இருந்து போனில் பப்ஜி விளையாடுகிறான். "ஸ்னைப்பர் அடிக்கிறான், தலையைக் குனி" என்று கத்துவான், துவக்குச் சத்தமும் வீடு முழுக்கக் கேட்கும். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழும்பி அறைக்குள் போய்விடுகிறார். "கேம்தானே அம்மா" என்கிறான் மகன்.
ஒரு தாய், கொட்டாஞ்சேனை

ப: அக்கா, மகனுக்கு அது கேம்தான். அவர் 2009-இல் பிறந்திருக்கவே மாட்டார், அல்லது கைக்குழந்தை. அம்மம்மாவுக்கு அது வேறு. இதில் இரண்டு பேரையும் திருத்தப் போக வேண்டாம். ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லுங்கள், அதை இன்றைக்கே. ஒரு ஹெட்செட் வாங்கிக் கொடுங்கள். யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் உங்கள் கைக்கு அடக்கமான விலையில் ஒன்று அகப்படும். எதிரி நடந்துவரும் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்று ஹெட்செட்டில்தான் ஒழுங்காகப் பிரித்துத் தெரியும், எனவே மகன் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். விளையாடுவதை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடட்டும். கத்தலைப் பற்றி அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: நல்ல பிளேயர்கள் கத்துவதில்லை. செய்தி வாசிக்கிற குரலில் இடத்தைச் சொல்லிவிட்டு வாயை மூடுவார்கள். கத்தினால் பக்கத்தில் நிற்கிற நண்பனுக்குக் காலடி கேட்காது.

கே: பப்ஜி மொபைலில் நானும் மூன்று மச்சான்மாரும் ஒரு ஸ்குவாட். பெரிய மச்சான் ஏடபிள்யூஎம் ஸ்னைப்பர் துவக்கு, எட்டு எக்ஸ் ஸ்கோப் எல்லாம் தனக்கென்பார். என்னை ஸ்மோக் மட்டும் சுமக்கச் சொல்கிறார். நான் என்ன, அவருக்குச் சுமைகூலியா?
'ஸ்மோக் சுமப்பவள்', தெமட்டகொடை

ப: தங்கச்சி, கோபம் நியாயம். ஆனால் ஸ்மோக்கை விட்டுவிடாதீர்கள், அந்த ஸ்குவாட்டில் பெறுமதியான சாமான் அதுதான்.

ஏடபிள்யூஎம் பொதுவாக வானத்திலிருந்து விழும் பெட்டியில்தான் வரும், அதற்கான ரவையும் அப்படித்தான். வீடு வீடாகத் தேடினாலும் கிடைக்காது. பெட்டியோடு வந்தது தீர்ந்தால் தீர்ந்ததுதான். மூன்றாம் லெவல் ஹெல்மெட்டையும் ஒரே அடியில் பிளக்கும், உண்மை. ஆனால் ஸ்குவாட் மாட்ச்சில் அந்த அடியில் ஆள் சாவதில்லை, நொக் ஆகிறார், அதாவது விழுந்து கிடக்கிறார். அவர் மதிலுக்குப் பின்னால் ஊர்ந்து போக, மற்றவர்கள் எழுப்பிவிடுவார்கள். மச்சான் தூரத்திலிருந்து "நொக், நொக்" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் பண்டேஜ் போட்டு முடித்திருப்பார். நொக் ஆனவுடன் ஸ்மோக் எறிந்து, அதற்குள்ளால் இரண்டு பேர் ஓடிப் பக்கத்தில் போனால்தான் அந்த ரவைக்கு விலை. எங்கே எறிவது, எப்போது ஓடுவது என்பதை அறிந்தவர் நீங்கள்.

ஆகவே மச்சானிடம் பேரம் பேசுங்கள். ஏடபிள்யூஎம் அவருக்கே. ஆனால் அவர் சுட முன்னர் நீங்கள் "தயார்" என்று சொல்ல வேண்டும், சொல்லாமல் சுடக்கூடாது. இரண்டு மாட்ச் அவர் கேட்காமல் சுட்டால் அடுத்த பெட்டி உங்களுக்கு. மற்ற இரண்டு மச்சான்மாரையும் இதற்குச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மறந்துபோய்விடும்.

கே: மூலையில் குறி பார்த்து நிற்கிறேன். எதிரி தலையை நீட்டியதும் நான்தான் சாகிறேன். அவன் என்னை முதலில் பார்த்தது எப்படி? என் இன்டர்நெட் லைன் பிழையா?
'பிங் 140', கொழும்பு 13

ப: பாதி லைன், பாதி நிற்கிற முறை. நெட்வேர்க்கில் ஓடிவருகிறவனுக்கு எப்போதும் ஒரு கண்ணிமை நேரம் லாபம். அவனுடைய திரையில் அவன் ஏற்கெனவே வெளியே வந்து உங்களைப் பார்த்துவிட்டான். அந்தச் செய்தி சேர்வருக்குப் போய் உங்களிடம் வந்து சேரும்வரை உங்கள் திரையில் அவன் மதிலுக்குப் பின்னால்தான். இரண்டு பேரின் பிங்கும் (செய்தி சேர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) கூடக் கூட இந்த இடைவெளியும் கூடும். 140 பிங்கில் ஒரே மூலையில் சிலை மாதிரி நின்று காவல் காக்கிற ஸ்னைப்பர் வேலை உங்களுக்குச் சரிவராது. ஒரு ரவை சுட்டுவிட்டு இடம் மாறுங்கள், அல்லது நீங்களே போய் எட்டிப் பாருங்கள்.

லைனையும் பாருங்கள். கவுண்டர் ஸ்ட்ரைக்குக்குச் சென்னை, மும்பை, சிங்கப்பூர் மூன்றிலும் சேர்வர் உண்டு. கொழும்பிலிருந்து இவற்றுக்கு 140 என்பது கூடுதல். வீட்டில் அதே ரவுட்டரில் யாரோ இரவு எட்டு மணிக்கு யூடியூப்பில் நாடகம் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். வைஃபையை விட்டு ஒரு கேபிள் இழுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் குறையாவிட்டால், ஏடபிள்யூபியைக் கொடுத்துவிட்டு ஏகே எடுத்து இரண்டாவது ஆளாக உள்ளே போங்கள். முன்னால் போகிறவன் செத்தால் அவனைக் கொன்றவனைச் சுடுவதுதான் அப்போது உங்கள் வேலை.

கே: ஸ்னைப்பர் எடுத்தாலே "கேம்பர்" (ஒரே இடத்தில் பதுங்கிக் கிடப்பவன்) என்று திட்டுகிறார்களே, என்ன செய்ய?
வாசகர், முகத்துவாரம்

ப: எதிரி திட்டினால் அதே இடத்தில் இருங்கள். சொந்த டீம் திட்டினால் இறங்கி வாருங்கள்.