ஃபெட்ச் மக்கர் பண்ணுதா? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, ஃபெட்ச்ல (ஜாவாஸ்கிரிப்ட்ல சர்வர்கிட்ட டேட்டா கேக்கற ஃபங்ஷன்) வாங்குன டேட்டாவ வேரியபிள்ல வச்சு அடுத்த வரியிலயே கன்சோல் பண்றேன், அன்டிஃபைன்ட்னு வருது.

பதில்: தம்பி, ஃபெட்ச் டேட்டாவ குடுக்காது, ப்ராமிஸ்தான் குடுக்கும், அதாவது பதில் அப்புறம் வரும்ங்கற வாக்கு. சர்வர் பதில் வர்றதுக்குள்ள உன் அடுத்த வரி ஓடி முடிஞ்சிரும். டேட்டாவ தொடுற கோடு முழுக்க தென் (.then) உள்ள போகணும், இல்லன்னா ஏசிங்க் ஃபங்ஷன்ல அவெய்ட் போடு. செட்டைம்அவுட் வச்சு ரெண்டு செகண்ட் தள்ளிப் படிக்கறது வேண்டவே வேண்டாம், உன் வீட்டு வைஃபைல ஓடும், பஸ்ல போறவன் மொபைல்ல ஓடாது.

கேள்வி: ஜேசன் (டேட்டா வர்ற ஃபார்மட்) பார்ஸ் பண்ணா "அன்எக்ஸ்பெக்டட் டோக்கன் <".

பதில்: ஜேசன் கேட்ட எடத்துல ஹெச்டிஎம்எல் வந்திருக்கு, லாகின் பேஜா இருக்கும் இல்ல எரர் பேஜா இருக்கும். எஃப்12 தட்டி நெட்வொர்க் டேப்ல ரெஸ்பான்ஸ பாருங்க. மொதல்ல நெட்வொர்க் டேப், அப்புறம்தான் கோடு.

கேள்வி: போஸ்ட்மேன்ல (ரிக்வெஸ்ட் அனுப்பி டெஸ்ட் பண்ற ஆப்) வருது சார், பிரவுசர்ல கோர்ஸ் எரர். மோட்ல நோ-கோர்ஸ் போட்டா எரர் போயிடுச்சு, ஆனா டேட்டா காலி.

பதில்: கோர்ஸ்னா, வேற டொமைன் சர்வரோட பதில உங்க ஸ்கிரிப்ட் படிக்கலாமான்னு பாக்கற செக். அத பண்றது பிரவுசர், போஸ்ட்மேனுக்கு அந்த வேலையே கிடையாது. நோ-கோர்ஸ் போட்டா பதில் வரும், ஆனா உங்க ஸ்கிரிப்ட் அத படிக்க முடியாது. அனுமதி ஹெடர் சர்வர்ல இருந்து வரணும். சர்வர் உங்களுது இல்லன்னா உங்க பேக்எண்ட் வழியா கூப்பிடுங்க.

கேள்வி: 404 (கேட்டது இங்க இல்லங்கற பதில்) வந்தும், எரர் வந்தா ஓடுற கேட்ச் உள்ள போகவே இல்லயே?

பதில்: போகாது. நெட் கட்டானாலோ, கோர்ஸ் தடுத்தாலோ, நீங்களே அபார்ட் பண்ணாலோதான் (நடுவுல நிறுத்துனாலோதான்) ஃபெட்ச் ரிஜெக்ட் ஆகும். 404ம் சர்வர் ஒழுங்கா சொன்ன பதில்தான். ரெஸ்பான்ஸ்ல ஓகே ட்ரூவான்னு பாத்து, இல்லன்னா நீங்களே எரர் த்ரோ பண்ணணும்.

கேள்வி: இது டிசைன் தப்புங்க. இதே வேலை பண்ற லைப்ரரிங்கள்ல, ஜேக்வெரில எரர் பக்கம் போகும், ஆக்சியாஸ்ல கேட்சுக்கு போகும், இதுல மட்டும் நாம ஏன் செக் பண்ணணும்?

பதில்: தப்புன்னு ஒத்துக்க மாட்டேன். யூசர்நேம் இருக்கான்னு கேக்கறப்ப 404 வந்தா "இல்ல, எடுத்துக்கலாம்"னு அர்த்தம், அத எரர்னு எப்படி சொல்லுவீங்க? ஆனா உங்க கோபம் புரியுது. ஒரு கடையோட ஆர்டர் பேஜ்ல இந்த செக்க நான் விட்டுட்டேன், சர்வர் நாள் முழுக்க 500 (சர்வர் எரர்) அனுப்பிட்டிருக்கு, ஸ்கிரீன்ல பச்சையா "ஆர்டர் சேவ் ஆச்சு", சாயங்காலம் கடைக்காரர் ஃபோன் பண்ணப்பதான் தெரிஞ்சுது, ஒரு ஆர்டர் கூட உள்ள போகல. அன்னிக்கே சின்னதா ஒரு ஃபங்ஷன் எழுதி, எல்லா ஃபெட்ச்சும் அது வழியாத்தான் போகணும்னு வச்சேன். நீங்களும் அப்படி வச்சுக்கங்க.

கேள்வி: அப்ப ஆக்சியாஸே போட்டுடலாமே?

பதில்: தாராளமா. ஆனா 404ஐ பதிலா எடுக்க வேண்டிய எடத்துல அங்க நீங்க கேட்ச் எழுதணும். எதுலயும் யோசிக்காம தப்பிக்க முடியாது.

கேள்வி: சார் எனக்கும் அன்டிஃபைன்ட் வருது.

பதில்: மொத பதில படிங்க.

கேள்வி: சர்ச் பாக்ஸ்ல "மதுரை"ன்னு அடிச்சா கடைசில "மது"வோட ரிசல்ட் வந்து நிக்குது.

பதில்: நல்ல கேள்வி. அனுப்புன வரிசையிலயே பதில் வரும்னு கிடையாது. ஒவ்வொரு எழுத்துக்கும் பழைய ரிக்வெஸ்ட்ட அபார்ட்கன்ட்ரோலர் வச்சு நிறுத்திட்டு புதுசு அனுப்புங்க. அப்ப கேட்ச்ல அபார்ட்எரர் வரும், அத யூசருக்கு காட்டாதீங்க.

கேள்வி: பிஎச்பி செஷன் போயிடுது.

பதில்: பிஎச்பி தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க. வேற டொமைனுக்கு கூப்பிட்டா மட்டும் கிரெடென்ஷியல்ஸ் இன்க்லூட் போட்டிருக்கான்னு பாருங்க, போடலன்னா குக்கி போகாது.

கேள்வி: ஃபார்ம் பட்டன் அழுத்துனா ரிக்வெஸ்ட் கேன்சல்டு, நெட்வொர்க் டேப்பும் காலியாயிடுது.

பதில்: நெட்வொர்க் டேப்ப தொறந்து பாத்தீங்களே, அதுவே பெரிய சந்தோஷம்! பேஜ் ரீலோட் ஆகுது. சப்மிட்ல ப்ரிவென்ட்டிஃபால்ட் போடுங்க. ப்ரிசர்வ் லாக் டிக் பண்ணி வைங்க, லிஸ்ட் அழியாது.