முதலாளி உள்ளே இருக்கும்போதே ‘இல்லை’ என்று சொல்லச் சொன்னால்

‘வெளியே போயிருக்கிறார்’ என்று போனில் பொய் சொல்ல வேண்டாம்; அதற்காக வேலையையும் விட வேண்டாம். ‘இப்போது இணைப்புத் தர இயலாது, பெயரும் எண்ணும் சொல்லுங்கள், அவரிடம் சேர்த்துவிடுகிறேன்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி சேர்த்தும் விடுங்கள்.

பெரும்பாலும் முதலாளிக்கு வேண்டியது பொய் அல்ல, பாக்கி கேட்பவரிடம் இரண்டு நாள் அவகாசம். நானும் போன் எடுக்கும் அந்த நாற்காலியில் இருந்தவள்தான். அழைத்தவர் பெயர், நேரம் எழுதிய சீட்டை அவருடைய மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைப்பேன்.

முதலில் முதலாளியிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். வேதாகமத்தில், பாபிலோன் அரண்மனையில் ராஜாவின் உணவை உண்ண மனமில்லாத தானியேல் சண்டை பிடிக்கவில்லை; மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துப் பத்து நாள் சோதித்துப் பார்க்கும்படி கேட்டார் (தானியேல் 1:12). நீங்களும் இப்படிப் பதில் சொல்லிப் பார்க்கப் பத்து நாள் கேளுங்கள்.

பொய்யான பில்லில் கையெழுத்துக் கேட்டால் மட்டும் இந்த வழி உதவாது. அங்கே மறுத்தே ஆக வேண்டும். சபையில் நம்பிக்கையான ஒருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.